டிவி1-க்கு மூன்று பிறந்தநாள்: மலேசிய அரசுத் தொலைக்காட்சியின் வரலாறு, புதிதாகப் படிப்போருக்கு

டிவி1-க்கு என்ன வயது என்று கேட்டால் மூன்று விடைகள் வரும். ஒருவர் 1946 என்பார். இன்னொருவர் 1963 என்பார். 1969 என்று சொல்பவரும் உண்டு. மூவரும் ஆளுக்கொரு சான்றைக் காட்டுவார்கள், மூன்று சான்றும் சரியாகத்தான் இருக்கும். 1946 ஏப்ரல் 1 என்பது ஒலிபரப்புத் துறை பிறந்த நாள். அப்போது அதனிடம் வானொலி மட்டுமே இருந்தது. 1963 டிசம்பர் 28 அன்று தொலைக்காட்சி முதன்முதலாக ஒளிபரப்பானது. 1969-இல் வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே துறையாக இணைந்து ஆர்டிஎம் (ரேடியோ டெலிவிஷன் மலேசியா) ஆயின. பள்ளிக் கட்டுரைகளில் தொடங்கி நாளிதழ்ச் சிறப்பிதழ்கள் வரை இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதைப் பார்க்கலாம்.

கலங்காமல் படிக்க ஒரு வழி இருக்கிறது. துறை, அலைவரிசை, ஒளிபரப்புக் கோபுரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்துப் பாருங்கள். ஆர்டிஎம் என்பது துறை. டிவி1, டிவி2 ஆகியவை அந்தத் துறை நடத்தும் அலைவரிசைகள். அந்த அலைவரிசைகள் வீட்டுக்கு வந்து சேர்வது மலை உச்சிக் கோபுரங்கள் வழியாக. இந்த மூன்றும் ஒரே நாளில் பிறக்கவில்லை, ஒரே வேகத்தில் வளரவும் இல்லை. பெரும்பாலான வரலாறுகள் நிகழ்ச்சிகளையும் அறிவிப்பாளர்களையும் பற்றியே பேசுகின்றன. எங்கள் கருத்து வேறு. ஒரு தேசியத் தொலைக்காட்சியின் கதையைத் தீர்மானிப்பவை இரண்டு கேள்விகள்: அலை எந்த ஊர் வரை போய்ச் சேர்ந்தது, வந்து சேர்ந்த நேரத்தில் எந்த மொழிக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது. தமிழர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது.

அரசுத் தொலைக்காட்சியா, பொதுத் தொலைக்காட்சியா?

இரண்டு சொற்களையும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம். ஆனால் அமைப்பில் வேறுபாடு உண்டு. அதைக் கண்டுபிடிக்க, பணம் எங்கிருந்து வருகிறது, தலைமை யாருக்குப் பதில் சொல்கிறது என்று பார்த்தால் போதும்.

பிரிட்டனின் பிபிசி ஓர் அரச சாசனத்தின் கீழ் இயங்கும் கழகம். வீட்டுக்கு வீடு செலுத்தும் உரிமக் கட்டணமே அதன் முதன்மை வருமானம். அது எந்த அமைச்சின் துறையும் அல்ல. இந்தியாவில் தூர்தர்ஷன் நெடுங்காலம் மத்திய அரசின் கீழ் நேரடியாக இருந்தது; 1997-இல்தான் பிரசார் பாரதி என்ற தனிக் கழகத்தின் கீழ் வந்தது. ஆர்டிஎம் அப்படி மாறவில்லை. தொடர்பு அமைச்சின் கீழுள்ள அரசுத் துறையாகவே இன்றும் இருக்கிறது. அதன் ஊழியர்கள் அரசு ஊழியர்கள். செலவு ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வருகிறது. விளம்பர வருமானமும் உண்டு.

இதனால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. அரசின் குரலாக ஒலிப்பது கேடு. ஆளும் தரப்பின் செய்திக்கு முதலிடம் என்ற குறை ஆர்டிஎம் மீது காலங்காலமாகச் சொல்லப்படுவது. நன்மை என்னவென்றால், இலாபம் தராத வேலைகளையும் துறை செய்தாக வேண்டும். ஐம்பது வீடுகள் மட்டுமே இருக்கும் பள்ளத்தாக்குக்கு அலை அனுப்ப எந்த வணிக நிறுவனமும் முன்வராது. விளம்பரதாரர் அதிகம் கிடைக்காத மொழியில் நாள்தோறும் செய்தி வாசிக்கவும் முன்வராது. தமிழ்ச் செய்தி இத்தனை ஆண்டுகள் நிற்காமல் வந்ததற்கு இந்தக் கடமைதான் காரணம்.

உரிமக் கட்டணம் நம் நாட்டிலும் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கு 24 வெள்ளி (ரிங்கிட்) கட்டினார்கள். பழைய வீட்டுக் கோப்புகளைப் புரட்டினால் அந்த உரிமச் சீட்டு சில இடங்களில் இன்னும் அகப்படும். தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1999-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கட்டணம் போய்விட்டது. உரிமக் கட்டணம் இருந்ததால் ஆர்டிஎம் பிபிசி போன்ற கழகமாக இருந்தது என்று சிலர் எழுதுவது தவறு. கட்டணம் வாங்கிய காலத்திலும் அது அரசுத் துறைதான்.

வானொலி போட்ட பாதை

தொலைக்காட்சியின் நான்கு மொழி அமைப்பு தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. பினாங்கில் 1934-இல் வானொலி ஆர்வலர் சங்கம் ஒன்று நிலையம் தொடங்கியபோதே மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகள் வந்தன. போருக்குப் பிறகு 1946-இல் ரேடியோ மலாயா சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்டு தொடங்கியபோது அதே பிரிவினை தொடர்ந்தது. 1959 தொடக்கத்தில் ரேடியோ மலாயா கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. சிங்கப்பூர் நிலையம் தனியே நின்றுகொண்டது. இன்றைய மின்னல் எஃப்எம் அந்தத் தமிழ்ப் பிரிவின் வழித்தோன்றல். இடையில் அதற்கு ரேடியோ 6 என்றும் பெயர் இருந்தது.

1963: ஜாலான் அம்பாங்கில்

மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16-இல். மூன்றே மாதங்களில், டிசம்பர் 28 அன்று, பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொலைக்காட்சிச் சேவையைத் தொடக்கி வைத்தார். நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஜாலான் அம்பாங்கில் இருந்த துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபமே ஒளிப்பதிவுக் கூடமாக மாற்றப்பட்டது. 1959-இல் நாடாளுமன்றத்தின் முதல் கூட்டம் நடந்ததும் அதே மண்டபத்தில்தான். இப்போது அந்த வளாகம் சுற்றுலா மையமாக இருக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி அதே ஆண்டு பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. செப்டம்பர் முதல் சிங்கப்பூரும் மலேசியாவின் பகுதியாக இருந்ததால், "மலேசியாவின் முதல் தொலைக்காட்சி எது" என்ற கேள்வியில் குழப்பம் வருகிறது. கட்டுரை எழுதுபவர்கள் "சிங்கப்பூர் நிலையம், பிப்ரவரி 1963" என்றும் "கோலாலம்பூர் நிலையம், டிசம்பர் 1963" என்றும் ஊர்ப் பெயரோடு குறித்துவிட்டால் பிழை வராது.

தமிழ் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-இல். இலங்கையில் தொலைக்காட்சி வந்தது 1979-இல். மலாயாத் தமிழர்கள் 1960-களிலேயே தமிழ்ச் செய்தியைத் திரையில் பார்த்துவிட்டார்கள். தமிழ்த் தொலைக்காட்சி வரலாறு எழுதுபவர்கள் சென்னையிலிருந்து தொடங்குவது பெரும் குறை. கோலாலம்பூரும் சிங்கப்பூரும் அதற்கு முந்தியவை.

தொடக்கத்தில் ஒளிபரப்பு கருப்பு வெள்ளையில், மாலை நேரத்தில் சில மணி நேரம் மட்டும், கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமும் வரைதான் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வடக்கே பினாங்கு, கெடா பக்கமும் தெற்கே ஜொகூர் பக்கமும் நீண்டது. எப்படி நீண்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

மலைதான் வரலாற்றை எழுதியது

தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். சிற்றலை வானொலி போல வானத்தில் பட்டுத் திரும்பி வந்து கடல் கடக்காது. ஆகவே கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான் எட்டும். கணக்கு எளிது: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை அடிவானத்தைத் தொடும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். அனுப்பும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

கெடாவில் உள்ள குனோங் ஜெராய் 1,217 மீட்டர். அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 34.9, தூரம் 144 கிலோமீட்டர். வீட்டுக் கூரையில் 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரியலுக்கு 13 கிலோமீட்டர். ஆக மொத்தம் 157. இடையில் எதுவும் மறைக்காவிட்டால் ஜெராய் உச்சியிலிருந்து வடமாநிலங்களின் பெரும் சமவெளி முழுதும் தெரியும். கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இதே வேலையைச் செய்வது கெந்திங் பக்கத்தில் உள்ள குனோங் ஊலு காலி. அதன் உயரம் 1,772 மீட்டர். கோபுரம் நிறுத்த ஊருக்கு நடுவே இடம் தேடாமல், வண்டிப் பாதை போட்டு மலை ஏறியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

"இடையில் எதுவும் மறைக்காவிட்டால்" என்பதில்தான் பினாங்கின் கதை இருக்கிறது. ஜார்ஜ்டவுனிலிருந்து வடக்கே பார்த்தால், தெளிந்த நாளில் கடலுக்கு அப்பால் ஜெராய் கண்ணுக்கே தெரியும். அங்கே படம் பளிச்சென்று வரும். தீவின் நடுவில் வடக்கு தெற்காக மலைத்தொடர் ஓடுகிறது. அதற்கு மேற்கே பாலிக் பூலாவ். தூரத்தைக் கணக்கிட்டால் எட்ட வேண்டிய இடம்தான், ஆனால் மலையின் நிழலில் விழுகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் புக்கிட் பெனாரா போன்ற தீவுக்குள் இருக்கும் மலைகளில் துணைக் கோபுரம் தேவைப்படுகிறது. நாட்டின் ஒவ்வொரு மலையடிவாரத்திலும் இதே கதை நடந்தது. "எங்கள் ஊருக்கு டிவி எப்போது வந்தது" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. தலைமைக் கோபுரம் வந்த ஆண்டு வேறு, உங்கள் பள்ளத்தாக்குக்குத் துணைக் கோபுரம் வந்த ஆண்டு வேறு. தோட்டப்புறங்களில் மூங்கில் கழியை ஒட்டி ஒட்டி ஏரியலைக் கூரைக்கு மேல் உயர்த்தியவர்கள் இந்த வர்க்கமூலக் கணக்கைத்தான் கையால் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூரை மேல் இருந்த ஏரியல் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. ஏரியல் குழாயின் நீளம் அலைநீளத்தின் பாதி. பழைய ஒளிபரப்பு விஎச்எஃப் எனப்படும் குறைந்த அதிர்வெண் பட்டையில் வந்தது. 200 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒன்றரை மீட்டர், ஆகவே குழாய் 75 சென்டிமீட்டர். அதற்கும் கீழ்ப் பட்டையில் வந்த ஊர்களில் குழாய் இரண்டரை மீட்டருக்கும் மேல் போனது. இன்றைய யூஎச்எஃப் எனப்படும் உயர் அதிர்வெண் பட்டையில் 600 மெகாஹெர்ட்ஸுக்கு 25 சென்டிமீட்டர் போதும். பழைய ஏரியலில் புதிய அலைவரிசைகள் சரியாக வராததற்கும் காரணம் இந்த நீள வேறுபாடுதான்.

கோலாலம்பூரில் படமாகும் நிகழ்ச்சி ஜெராய் உச்சிக்கு எப்படிப் போனது? மலைக்கு மலை நுண்ணலைத் தொடர்பு வழியாக. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்கு அப்பால் உள்ள மாநிலங்களுக்குத் திரை இருண்டுவிடும். கோலாலம்பூரில் படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

1969: ஓர் அலைவரிசை இரண்டானது

கோலாலம்பூரில் பந்தாய் பக்கம் குன்றின் மேல், ஒளிபரப்புத் தலைமையகமான அங்காசாபுரி 1968-இல் திறக்கப்பட்டது. கேடிஎம் கொமுட்டர் ரயிலில் கிள்ளான் துறைமுகத் தடத்தில் போனால் அதே பெயரில் நிலையமே இருக்கிறது. வானொலியும் தொலைக்காட்சியும் 1969 அக்டோபரில் ஒரே துறையாயின. நவம்பர் 17 அன்று இரண்டாம் அலைவரிசை தொடங்கியது. முதலில் இவற்றை முதல் தொடர், இரண்டாம் தொடர் என்றுதான் அழைத்தார்கள். டிவி1, டிவி2 என்ற பெயர்கள் பின்னால் வந்தவை. 1970-களின் நாளிதழில் "டிவி2" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாம் அலைவரிசை ஏன் தேவைப்பட்டது? ஒரே அலைவரிசையில் நான்கு மொழிகள் என்றால் ஒவ்வொரு மொழியும் மற்ற மூன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். மாலை 6 மணி முதல் இரவு 11 வரை ஐந்து மணி நேரம்தான் மக்கள் வீட்டில் இருக்கும் நேரம். அதில் செய்திகளை மட்டும் நான்கு மொழியிலும் வைத்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். காலப்போக்கில் முதல் அலைவரிசை தேசிய மொழிக்கும் அரசு அறிவிப்புகளுக்கும் என்றும், இரண்டாவது ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளுக்கும் பொழுதுபோக்குக்கும் என்றும் பிரிந்தது. இன்றும் இரவு 8 மணி மலாய்ச் செய்தி டிவி1-இல் வருகிறது, தமிழ்ச் செய்தி டிவி2-இல் வருகிறது.

இந்தப் பிரிவினையால் தமிழுக்கு இடம் கிடைத்தது உண்மை. ஆனால் அதில் ஒன்று போய்விட்டது. ஒரே அலைவரிசை இருந்த காலத்தில் தமிழ்ச் செய்தி வரும்போது பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தின் பெட்டியிலும் அதே செய்திதான் ஓடியது. பெட்டி இருந்த ஒரே வீட்டில் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுதும் கூடி உட்கார்ந்து, மலாய் நாடகத்தையும் சீனச் செய்தியையும் தாண்டித்தான் தமிழ்ப் படத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பொது அலைவரிசை என்ற சொல்லுக்கு முழுப் பொருள் இருந்தது அந்தச் சில ஆண்டுகளில்தான் என்று நாங்கள் கருதுகிறோம்.

பள்ளிக்கூடம், போர்னியோ, கடிகாரம்

1972 ஜூன் 19-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பகலில் சும்மா கிடந்த கோபுரங்கள் வகுப்பறைக்குப் பாடம் அனுப்பப் பயன்பட்டன. 2021-இல் வந்த டிடிக் டிவி அந்த எண்ணத்தின் அண்மை வடிவம். ஆனால் அது ஒளிபரப்பானது ஆர்டிஎம் அலைவரிசையில் அல்ல, தனியார் அலைவரிசையான என்டிவி7-இல்.

சபாவுக்குத் தொலைக்காட்சி 1971-இலும், சரவாக்குக்கு 1975-இலும் வந்தன. தென்சீனக் கடலுக்கு நடுவே மலை கிடையாது. ஆகவே நுண்ணலைச் சங்கிலி அங்கே பயன்படாது. பதிவு நாடாக்களை விமானத்தில் அனுப்ப வேண்டும், அல்லது செயற்கைக்கோள் வேண்டும். குவாந்தானில் 1970-இல் அமைந்த தரைநிலையம் நாட்டைச் செயற்கைக்கோளோடு இணைத்தது. வேறொரு சிக்கலும் இருந்தது. 1981 முடிய தீபகற்பத்தின் கடிகாரம் சபா, சரவாக்கைவிட அரைமணி நேரம் பின்தங்கி ஓடியது. கோலாலம்பூரில் இரவு 8 மணி என்றால் கோத்தா கினாபாலுவில் 8.30. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பம் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளிய பிறகுதான் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் "இரவு 8 மணிச் செய்தி" என்று சொல்ல முடிந்தது.

வண்ணம் எப்படிப் பழைய பெட்டியை வீணாக்காமல் வந்தது

1978 டிசம்பர் 28, தொலைக்காட்சியின் பதினைந்தாம் ஆண்டு நிறைவன்று, வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. மலேசியா தேர்ந்தெடுத்தது பால் (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறை: திரையில் 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதோடு இந்த 25 பொருந்திப் போகிறது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்கா வேறு முறையில் சென்றதற்கு இது ஒரு காரணம்; ஜப்பானும் அமெரிக்க முறையையே பின்பற்றியது. அந்த நாடுகளிலிருந்து உறவினர் கொண்டுவந்த வீடியோ நாடாக்கள் இங்கே படம் காட்டாமல் போனதும் இதனால்தான்.

பால் முறையின் சிறப்பு அதன் பிழைதிருத்தம். மலையில் பட்டுத் தெறிக்கும் அலையால் நிறம் பிறழும், முகம் பச்சையாகும். பால் முறை ஒன்றுவிட்டு ஒரு கோட்டில் நிறச் சைகையைத் தலைகீழாக்கி அனுப்புகிறது. ஒரு கோட்டில் பச்சைப் பக்கம் சாய்ந்த பிழை, அடுத்த கோட்டில் எதிர்ப்பக்கம் சாயும். இரண்டையும் சராசரி எடுத்தால் பிழை கழிந்துவிடும். மலை நிறைந்த நாட்டுக்கு நல்ல தேர்வு அது. ஒளி அளவு தனியாகவும் நிறம் தனியாகவும் போவதால், கருப்பு வெள்ளைப் பெட்டி நிறச் சைகையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் காட்டியது. பெட்டியை மாற்றும்படி எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. 1978-க்குப் பின்னும் பல ஆண்டுகள் தோட்டத்து வீடுகளில் கருப்பு வெள்ளையே ஓடியது. "1978 முதல் மலேசியர்கள் வண்ணத்தில் பார்த்தார்கள்" என்று எழுதுவதைவிட, "1978 முதல் வண்ணத்தில் ஒளிபரப்பானது" என்று எழுதுவது சரி.

தனியாட்சி முடிந்த பிறகு

1984 ஜூன் 1-இல் டிவி3 வந்தது. இரண்டு அரசு அலைவரிசைகளை மட்டும் பார்த்துப் பழகிய மக்கள் முதன்முறையாக ஒரு தனியார் அலைவரிசையைக் கண்டார்கள். 1996-இல் ஆஸ்ட்ரோ என்ற கட்டணச் செயற்கைக்கோள் சேவை கூரைக்குக் கூரை சிறு தட்டை ஏற்றியது. அதன் வானவில் அலைவரிசை தமிழை நாள் முழுவதும் தந்தது. டிவி2-இல் வாரத் தமிழ்ப் படத்துக்காகக் காத்திருந்த வீடுகள் பல அந்தப் பக்கம் போய்விட்டன. தமிழ் நேரம் பல மடங்கு கூடியது, ஆனால் மாதச் சந்தா கட்டுபவருக்கு மட்டும். கட்ட முடியாத வீட்டுக்குத் தமிழ்ச் செய்தி கொடுக்கும் பொறுப்பு இன்னமும் டிவி2-இடமே இருக்கிறது.

மின்னிலக்கம்: கோபுரம் கைமாறியது

2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. ஜூலையில் லங்காவியில் தொடங்கி, அக்டோபர் முடிவுக்குள் நாடு முழுவதும் அணைந்தது. அதன் இடத்தில் வந்தது டிவிபி-டி2 என்ற மின்னிலக்க முறை. முன்பு ஒரு கோபுர அலையில் ஓர் அலைவரிசைதான் போகும். இப்போது 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நொடிக்கு 30 மெகாபிட்டுக்கு மேல் அனுப்ப முடிவதால் பல அலைவரிசைகள் ஒரே அலையில் ஏறிக்கொள்கின்றன. ஆர்டிஎம்மின் டிவி ஒக்கே, 2020-இல் வந்த ஆர்டிஎம் செய்தி அலைவரிசை போன்றவற்றுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான். மிச்சமான அலைப்பட்டை கைப்பேசிச் சேவைக்குப் போகிறது.

நாம் முதலில் பிரித்த மூன்றில் கோபுரம் இப்போது கைமாறிவிட்டது. மின்னிலக்க ஒளிபரப்பை எல்லா நிலையங்களுக்கும் பொதுவாகச் செய்வது மைடிவி என்ற நிறுவனம். ஆர்டிஎம் நிகழ்ச்சியைத் தயாரித்துக் கொடுக்கிறது. அதை வீட்டுக்கு அனுப்புவது வேறொருவர். படம் வரவில்லை என்றால் யாரிடம் கேட்பது என்பது இதனால் மாறுகிறது. டிவி1 மட்டும் வரவில்லை, மற்றவை எல்லாம் வருகின்றன என்றால் நிலையத்தின் பக்கம் சிக்கல் இருக்கலாம். எல்லாமே வரவில்லை என்றால் கோபுரமாக இருக்கலாம். பெரும்பாலும் உங்கள் வீட்டு ஏரியல்தான்.

வீட்டில் சரிபார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். தொலைக்காட்சிப் பெட்டியின் கையேட்டில் டிவிபி-டி2 என்று இருக்க வேண்டும். வெறும் டிவிபி-டி என்றால் உதவாது. அப்படி இல்லாத பெட்டிக்கு மட்டும், மின்னிலக்கச் சைகையைப் படமாக மாற்றித் தரும் டிகோடர், மைடிவி ஒட்டுத்தாள் உள்ளதாக, தனியே வேண்டும். ஏரியல் யூஎச்எஃப் வகையாக இருக்க வேண்டும். ஆஸ்ட்ரோ தட்டு இதற்குப் பயன்படாது. அது வாங்குவது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலை, இது 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ். இரண்டு வடங்களையும் சாதாரண ஸ்பிளிட்டரில் இணைத்துவிடவும் கூடாது. ஆஸ்ட்ரோ பெட்டி தட்டுக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. சைகையைப் பெருக்க 5 வோல்ட்டில் ஓடும் ஏரியல் பூஸ்டர் அதில் கருகிவிடும்.

பிறகு திசை. கோலாலம்பூரில் பலருக்கு வடகிழக்கே ஊலு காலி; ஜார்ஜ்டவுனில் வடக்கே ஜெராய். டிகோடரின் அல்லது பெட்டியின் சைகைப் பக்கத்தில் வலிமை, தரம் என்று இரண்டு எண்கள் இருக்கும். பார்க்க வேண்டியது தரத்தை. ஏரியலை ஒரே மூச்சில் சுற்றாமல், சிறிது திருப்பி ஐந்து நொடி பொறுத்து எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி திருப்புங்கள். எண் மெதுவாகத்தான் மாறும். வலிமை 90-ஐ ஒட்டியும் தரம் 20-ஐ ஒட்டியும் நின்றால் பூஸ்டர் அளவுக்கு மீறி உந்துகிறது என்று பொருள். கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்கள் பூஸ்டரைக் கழற்றினாலே சரியாகிவிடும். இரண்டுமே குறைவு என்றால் வடத்தைப் பாருங்கள். ஆர்ஜி-6 வடம் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 15 முதல் 20 டெசிபல் விழுங்கும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மேலும் ஏறக்குறைய நான்கு டெசிபல் எடுக்கும். அடுக்குமாடியில் நான்கு அறைக்குப் பிரித்து இழுத்தால் கடைசி அறைக்கு ஒன்றும் மிஞ்சாது. கூரை மேல் இருக்கும் இணைப்பில் மழைநீர் புகுவது நம் ஊரில் மிக அதிகம். வடத்தை இணைப்புக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினால் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

அனலாக்கில் சைகை குறைந்தால் படத்தில் பனி தூவும். ஆனாலும் செய்தி கேட்கும். மின்னிலக்கத்தில் அந்த இடைநிலை இல்லை. தரம் ஒரு வரம்புக்கு மேல் இருந்தால் படம் முழுத் தெளிவு. கீழே போனால் கட்டம் கட்டமாக உறைந்து, திரை கறுத்துவிடும். முன்பு பனித்திரைக்குள் தமிழ்ச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த மலை நிழல் ஊர்கள் சிலவற்றில் 2019-க்குப் பின் ஒன்றுமே தெரியாமல் போனது இதனால்தான். ஏரியலை உயர்த்துவதோ, வேறு கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி மறுபடி தானியங்கித் தேடலை ஓடவிடுவதோ பலன் தரும். தேடல் முடிந்ததும் டிவி1 101-ஆம் எண்ணிலும் டிவி2 102-ஆம் எண்ணிலும் நிற்கும். எதிர்ப்பக்கம் ஒரு நன்மையும் உண்டு: மாலை இடிமழையில் தட்டு வழி வரும் படம் மறையும்போது யூஎச்எஃப் படம் மறையாது.

பழைய நிகழ்ச்சி நிரலைத் தேடுவோருக்கு

தமிழுக்கு எந்த ஆண்டில் எத்தனை நிமிடம் கிடைத்தது என்று அறிய விரும்பினால் நினைவுகளை நம்ப வேண்டாம். நாளிதழ்களின் அன்றாட நிகழ்ச்சி நிரலை எண்ணுங்கள். 2019 வரை வந்த தமிழ் நேசன் போன்ற இதழ்களின் பழைய பிரதிகளைக் கோலாலம்பூரில் தேசிய நூலகத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்னிலக்கமாக்கியுள்ள நாளிதழ்களில் கோலாலம்பூர் நிலையத்தின் நிரலும் அச்சாகியிருக்கும். ஒரே நாளை எடுக்காமல் ஒரு முழு வாரத்தை எடுங்கள். தமிழ்ப் படம் வாரம் ஒருநாள் மட்டும் வந்தால், அந்த நாள் உங்கள் மாதிரியில் விழுந்தாலும் விழாவிட்டாலும் கணக்கு கெடும். தீபாவளி, தைப்பூச வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது சிறப்பு நிகழ்ச்சிகள் எண்ணைக் கூட்டிவிடும். 1982-க்கு முந்திய சபா, சரவாக் நிரலைத் தீபகற்ப நிரலோடு ஒப்பிடும்போது அரைமணியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிகளையே பார்க்க வேண்டும் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1960, 70-களில் பதிவு நாடா விலை கூடியது. ஒளிபரப்பியதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதைப் பதிவது உலகம் முழுவதும் இருந்த வழக்கம். நேரலையாக வாசிக்கப்பட்ட செய்தி பதிவாகவே இல்லை. ஆகவே அந்தக் காலத் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் மிஞ்சியிருப்பவை அச்சு நிரலும் நிழற்படமும் எழுத்துப் பிரதியும்தான். பணியாற்றி ஓய்வுபெற்றவர்களின் வீட்டில் கைப்பிரதியாகக் கிடக்கும் அறிவிப்புத் தாள்கள்கூட இதில் விலைமதிப்புள்ளவை. தாளில் தேதி இல்லை என்றால், அதில் குறிப்பிடப்படும் அலைவரிசைப் பெயரைப் பாருங்கள். "இரண்டாம் தொடர்" என்றிருந்தால் அது 1969 நவம்பருக்கு முன்னால் இருக்க முடியாது.